பால் வண்டியில் நான் மாட்டிய நாற்பது ஆம்பியர்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே எனக்கும் அம்மாவுக்கும் உடம்புக்கு ஒன்றும் இல்லை, நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் நன்றாக இருப்பதாகப் போன வாரம் போனில் கேட்டது, இந்தக் கடிதம் வந்து சேரும் நாளிலும் அது அப்படியே இருக்க வேண்டும். அம்மாவுக்கு முழங்கால் வலி முன்புபோல் இல்லை, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மாடி ஏறிவிடுகிறாள். மொட்டை மாடியில் தண்ணீர் தேங்கிய மூலையைக் கொத்தனார் வந்து பூசிவிட்டுப் போனார், பூசிய இடத்துக்குப் பக்கத்தில் இப்போது தேங்குகிறது. குட்டிக்குப் பல் முளைத்த படத்தை அம்மா பிரிட்ஜ் கதவில் ஒட்டி வைத்திருக்கிறாள், அதைக் கொஞ்சாமல் ஒரு தக்காளிகூட வெளியே எடுப்பதில்லை. இதெல்லாம் உனக்குத் தெரிந்ததுதான். நான் காகிதம் எடுத்தது வேறு ஒன்றைச் சொல்ல. போனில் சொல்ல மூன்று தடவை முயன்றேன், மூன்று தடவையும் வெயிலைப் பற்றிப் பேசிவிட்டு வைத்துவிட்டேன். போனில் சொன்னால் நீ பாதியிலேயே "பரவாயில்லப்பா, விடுங்க" என்பாய், நானும் அதைப் பிடித்துக்கொண்டு மீதியை விழுங்கிவிடுவேன். அதனால்தான் நீ குறுக்கே பேச முடியாத இடத்தில் உட்கார்ந்து சொல்கிறேன். முழுசாகப் படித்துவிட்டுக் கோபப்படு.

பால் வண்டி விஷயம்தான். உன் கணக்கில் தப்பு இல்லை, பாப்பா. இந்த வரியை முதலில் எழுதிவிடுகிறேன், பின்னால் எனக்குக் கை வராமல் போனாலும் இது உன் கையில் இருக்கட்டும். தப்பு முழுக்க என்னுடையது. அதைத் தூக்கி உன் தலையில் வைத்ததும் நான்தான்.

உனக்குத் தெரிந்த கதைதான் என்றாலும் முதலிலிருந்து சொல்கிறேன், அப்படிச் சொன்னால்தான் எனக்கு மழுப்ப இடம் இருக்காது. ஆஸ்பத்திரியில் மாசம் நிறையாமல் பிறக்கிற குழந்தைகளுக்காகத் தாய்ப்பால் சேகரிக்க, சோலாரில் ஓடுகிற ஃப்ரீசர் வைத்த வண்டி விடப்போகிறோம் என்று பெரிய டாக்டரம்மா சொன்னபோது, என் மகள் இந்தப் படிப்புத்தான் படித்தாள், இதுதான் அவள் வேலை என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னவன் நான். நீயும் லீவு நாளில் உட்கார்ந்து கணக்குப் போட்டுக் கொடுத்தாய். வண்டிக் கூரையில் மூன்று பேனல், மொத்தம் அறுநூறு வாட். பேட்டரி பன்னிரண்டு வோல்ட். அறுநூறைப் பன்னிரண்டால் வகுத்தால் ஐம்பது ஆம்பியர், அதற்கு மேல் பத்து ஆம்பியர் தாராளமாக விட்டு, பேனலிலிருந்து பேட்டரிக்கு ஏறுகிற மின்சாரத்தை அளந்து விடுகிற சார்ஜ் கண்ட்ரோலரை அறுபது ஆம்பியரில் வாங்கச் சொன்னாய். அதோடு நிறுத்தாமல் அதை எங்கே மாட்ட வேண்டும், எப்படி மாட்ட வேண்டும் என்றும் சொன்னாய். நிமிர்த்தி மாட்டணும், பின்னால் அலுமினியத் தகடு கொடுக்கணும், மேலேயும் கீழேயும் ஒரு சாண் காற்றுக்கு விடணும், கீழே காற்று நுழைய ஓட்டை, மேலே வெளியேற ஓட்டை. கடைசியில் நீ சொன்னது வார்த்தைக்கு வார்த்தை ஞாபகம் இருக்கிறது. "அப்பா, அழகா இருக்கணும்னு பெட்டிக்குள்ள அடைச்சிடாதீங்க. அது மூச்சு விடணும்."

போன் ஸ்பீக்கரில் இருந்தது. வண்டி ஓட்டுகிற சிஸ்டரும் அம்மாவும் பக்கத்தில் இருந்தார்கள். முப்பத்தெட்டு வருஷம் வயரிங் செய்தவனுக்கு, என் மடியில் உட்கார்ந்து டெஸ்டரைக் கடித்த பிள்ளை, இரண்டு பெண்களுக்கு முன்னால் ஓட்டை எங்கே போடுவது என்று சொல்லித் தருகிறதே என்று சுருக்கென்றது. நீ மரியாதைக் குறைவாக ஒன்றும் சொல்லவில்லை. எனக்குத்தான் பட்டது. பெருமையாகச் சொல்லிக்கொண்ட மகள் மேல் அதே வாயால் பொறாமைப்படலாம் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

என் அலமாரியில் நாற்பது ஆம்பியர் கண்ட்ரோலர் ஒன்று பிரிக்காமல் இருந்தது, பள்ளிக்கூட வேலையில் மிஞ்சியது. பேனலில் அறுநூறு என்று எழுதியிருந்தாலும் நிஜத்தில் நானூறுதான் வரும், நாற்பதே கூடுதல் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சிஸ்டரிடம் சைஸைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. ஓட்டுனர் சீட்டுக்குப் பின்னால் பிளைவுட்டில் ஒரு பெட்டி செய்து, வண்டியின் உள் நிறத்திலேயே மைக்கா ஒட்டி, கண்ட்ரோலரை அதற்குள் படுக்க வைத்து மாட்டினேன். பள்ளத்தில் இறங்கும்போது கடகடவென்று சத்தம் வரக்கூடாது என்று உள்ளே நான்கு பக்கமும் பஞ்சு மெத்தை வேறு ஒட்டினேன். குளிருக்குப் போர்த்திப் படுக்க வைப்பதுபோல் வைத்தேன் என்று வைத்துக்கொள். ஓட்டை ஒன்றுகூடப் போடவில்லை, தூசி போகும் என்று ஒரு காரணம் கைவசம் இருந்தது. கதவைச் சாத்தினால் அங்கே ஒரு சாமான் இருப்பதே தெரியாது, எத்தனை ஆம்பியர் ஏறுகிறது என்று காட்டும் சின்னத் திரையும் கதவுக்கு உள்ளே போய்விட்டது. சிஸ்டர் பார்த்துவிட்டு, "அண்ணே, கம்பெனியிலேர்ந்து வந்த வண்டி மாதிரியே இருக்கு" என்றது. எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. உனக்குப் போன் போட்டு, நீ சொன்னபடியே முடித்துவிட்டேன் என்றேன். அதுதான் முதல் பொய்.

குளிர் மாசங்களில் மூன்று மாசம் வண்டி நன்றாக ஓடியது. சிஸ்டர் வீடு வீடாகப் போய்ப் பாலை வாங்கிவந்து ஃப்ரீசரில் வைக்கும், சாயங்காலம் ஆஸ்பத்திரியில் இறக்கும். பிறகு வெயில் தொடங்கியது. கண்ட்ரோலர் வேலை செய்யும்போது அதிலேயே முப்பது வாட்டுக்குக் கிட்டத்தட்டச் சூடு கழியும், ஒரு முப்பது வாட் குண்டு பல்பை மூடிய பெட்டிக்குள் நாளெல்லாம் எரிய விட்டதற்குச் சமம். அதுவும் நாற்பது ஆம்பியர்காரன் தன் சக்திக்கு மேல் மூச்சு முட்ட வேலை செய்தால் கேட்கவே வேண்டாம். சூடு ஏறினால் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அது சார்ஜைக் குறைத்துக்கொள்ளும், நீதான் அதையும் சொல்லியிருந்தாய். நாற்பது தர வேண்டியது பதினொன்று, பன்னிரண்டுதான் தந்துகொண்டிருந்தது. பேட்டரி தினமும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது, பார்க்க ஆளில்லை, பார்க்க வேண்டியதைக் கதவு போட்டு மறைத்திருந்தேன்.

அந்த வாரம் பார்த்து ஆஸ்பத்திரியின் பெரிய ஃப்ரீசருக்குக் கதவு ரப்பர் மாற்ற வேண்டியிருந்தது. வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் பால் வண்டியிலேயே இருக்கட்டும், அதில்தான் சோலார் இருக்கிறதே என்று டாக்டரம்மா முடிவு செய்தார்கள். என்னை நம்பித்தான் அந்த முடிவு. பின்முற்றத்தில் வெயிலில் நிறுத்திய வண்டிக்குப் பக்கத்தில் பிளக் பாயிண்ட் கிடையாது. திங்கள்கிழமை காலை சிஸ்டர் கதவைத் திறந்தபோது ஃப்ரீசர் செத்துக் கிடந்தது. அறுபத்திரண்டு பாட்டில், பதினொரு அம்மாக்களுடையது.

என்னைக் கூப்பிட்டார்கள், பதினொரு மணி வெயிலில் ஓடினேன். பெட்டிக் கதவைத் திறந்ததும் காய்ந்த பசை வாசனையோடு அனல் முகத்தில் அடித்தது. கண்ட்ரோலர் மேல் கை வைத்தேன், வைத்த வேகத்தில் எடுத்துவிட்டேன். திரையில் சூட்டுக்கான அடையாளம் மினுக்கிக்கொண்டிருந்தது. என்ன நடந்தது என்று அந்த நிமிஷமே எனக்குத் தெரிந்துவிட்டது, பாப்பா. வெளியே சிஸ்டர் போனில் பேசிக்கொண்டிருந்தது. அது உள்ளே வருவதற்குள் பஞ்சு மெத்தையைப் பிய்த்துச் சுருட்டி என் கருவிப் பைக்குள் திணித்தேன். வேலையில் தப்புச் செய்யாதவன் இல்லை நான், ஷாக் வாங்கியிருக்கிறேன், ஒரு தடவை கல்யாண வீட்டில் லைன் மாற்றிக் கொடுத்து ஃபேனைப் புகைய விட்டிருக்கிறேன். ஆனால் தடயத்தை மறைத்தது அன்றைக்குத்தான்.

பாலை வார்டுக் கழுவுத்தொட்டியில் ஊற்றுவதை நான் நின்று பார்த்தேன். ஒவ்வொரு பாட்டிலிலும் அம்மாவின் நம்பரும் தேதியும் ஒட்டியிருந்தன. சிஸ்டர் ஒவ்வொன்றையும் சத்தமாகப் படித்துவிட்டு ஊற்றியது, இன்னொரு நர்ஸ் நோட்டில் குறித்துக்கொண்டது. ஏழாம் நம்பர், ஏழாம் நம்பர், ஏழாம் நம்பர் என்று ஒரே நம்பர் வந்துகொண்டே இருந்தது, யார் இவ்வளவு கொடுத்தது என்று கேட்டேன். வீட்டில், மூன்றாவது மாடியில், தையல் மெஷின் வைத்திருக்கிற பெண், அதன் குழந்தை இதே வார்டில் ஒன்பது நாள் உயிரோடு இருந்து போய்விட்டது, பால் மட்டும் நிற்கவில்லை, வீணாகப் போக வேண்டாம் என்று அதுவே பாட்டில் கேட்டு வாங்கி நிரப்பிக் கொடுத்தது என்று சிஸ்டர் சொன்னது. அந்த வாரம் வார்டில் மூன்று குழந்தைகளுக்குப் பவுடர் பால் கொடுக்க வேண்டியதாயிற்று. ஒரு குழந்தைக்கு வயிறு ஒத்துக்கொள்ளாமல் இரண்டு நாள் ஊசியில் மருந்து ஏற்றினார்கள். இப்போது தேறி வீட்டுக்கே போய்விட்டது, அதைப் பற்றிக் கவலைப்படாதே.

மறுநாள் டாக்டரம்மா அறைக்குக் கூப்பிட்டு, "இந்த சைஸ் போதும்னு யார் முடிவு பண்ணது?" என்று நிதானமாகத்தான் கேட்டார்கள். கத்தியிருந்தால்கூட உண்மை வந்திருக்குமோ என்னவோ. என் வாயிலிருந்து வந்தது இதுதான், இதை எழுதும்போது விரல் கூசுகிறது. "கணக்கு எம்பொண்ணு போட்டதுங்கம்மா. அவ சொன்னத மாட்டினேன், அவ்வளவுதான். அங்க குளிர்ல இருக்கிறவளுக்கு இங்கத்த வெயில் என்ன தெரியும்." சொல்லிவிட்டு வெளியே வந்தபோது மனசு லேசாக இருந்தது, அதையும் மறைக்காமல் எழுதுகிறேன். அன்றைக்குச் சாயங்காலம் உன் அத்தை வந்து, ஆஸ்பத்திரி விஷயம் கேள்விப்பட்டேன் என்றதும் அவளிடமும் அதையே சொன்னேன். "என்னதான் படிச்சாலும் கைவேலை பார்த்தவன் கண்ணு வருமா" என்று அவள் சொன்னதைத் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அம்மா அடுப்படியிலிருந்து எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். அத்தை போன பிறகு வந்து எதிரே நின்றாள். "அன்னைக்கு போன்ல நானும்தான் இருந்தேன். பாப்பா அறுபதுன்னு சொன்னா" என்றாள். நான் டெக்னிக்கல் விஷயம், உனக்குப் புரியாது என்றேன். "அறுபதுக்கும் நாற்பதுக்கும் வித்தியாசம் எனக்குப் புரியும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். அதற்குப் பிறகு சோறு போடுகிறாள், துணி மடித்து வைக்கிறாள், பேச்சு மட்டும் இல்லை. போனில் உன்னிடம் நான் வெயிலைப் பற்றிப் பேசும்போதெல்லாம் எழுந்து பால்கனிக்குப் போய்விடுவாள். நீ ஒருநாள் அம்மா எங்கே என்று கேட்டாயே, துணி எடுக்கப் போயிருக்கிறாள் என்றேனே, அது இதுதான்.

பத்து நாள் கழித்து டாக்டரம்மா மறுபடி கூப்பிட்டார்கள். அடுத்து விடப்போகிற இரண்டு வண்டிக்கு உன் உதவி வேண்டாம் என்று உனக்கு எழுதியிருந்தார்களாம், அதற்கு உன் பதில் வந்திருந்தது. எனக்குப் படித்துக் காட்டினார்கள். "கணக்கில் பிழை என்றால் பொறுப்பு முழுக்க என்னுடையது, வெயிலைக் குறைத்து மதிப்பிட்டிருப்பேன், ஆனால் மாட்டியதில் குறை இருக்காது, என் அப்பா ஒரு ஸ்குரூவைக்கூடச் சாய்வாக முறுக்க மாட்டார், தயவுசெய்து அவரைக் குறை சொல்ல வேண்டாம், பாலைக் கொடுத்த அம்மாக்களிடம் என் சார்பாக மன்னிப்புக் கேளுங்கள்" என்று எழுதியிருந்தாய். நான் மேஜை விளிம்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "நல்ல பொண்ணு" என்று டாக்டரம்மா சொன்னார்கள், ஆமாம் என்று எழுந்து வந்துவிட்டேன். உனக்கு அப்போதே சந்தேகம் வந்திருக்குமா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. கேட்கவும் எனக்குத் தைரியம் இல்லை.

இரண்டு நாள் கருவிப் பையைத் தொடவே இல்லை. மூன்றாம் நாள் காலை அந்தப் பஞ்சு மெத்தையைப் பையோடு எடுத்துக்கொண்டு போய் டாக்டரம்மா மேஜை மேல் வைத்தேன். நாற்பது, அறுபது, பெட்டி, ஓட்டை, எல்லாவற்றையும் சொன்னேன். சிஸ்டரையும் கூப்பிட்டு உட்கார வைத்துச் சொன்னேன். டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "பால் கெட்டதுக்கு உங்களை மன்னிச்சிடலாம், வேலைன்னா தப்பு நடக்கும். அந்தப் பொண்ணு மேல போட்டீங்களே, அதை மன்னிக்க நான் யாரு" என்றார்கள். சிஸ்டர் என்னைத் திட்டும் என்று எதிர்பார்த்தேன். அது, "ஒரு நாள் அந்தக் கதவைத் தொறந்து பார்த்திருக்கலாம்ண்ணே, பளபளன்னு இருக்கேன்னு நானும் தொறக்கவே இல்ல" என்று தன்னைச் சொல்லிக்கொண்டது. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். பிறகு, அம்மாக்களிடம் நான் மட்டும் போய்ச் சொன்னால் பத்தாது, நீங்களும் வரணும் என்றது. போனேன். பதினொரு வீடு, இரண்டு நாள்.

ஒரு வீட்டில் புருஷன்காரர் வாசலிலேயே நிற்க வைத்து வறுத்தெடுத்தார், நியாயம்தான். பஸ் கண்டக்டராக இருக்கிற ஒரு பெண் சிரித்துவிட்டு, இன்னும்தான் ஊறுதே, எடுத்துக்கிட்டுப் போங்க என்றது. ஏழாம் நம்பர் வீடு கடைசி. மூன்று மாடி ஏறினேன். அந்தப் பெண் மெஷினிலிருந்து எழுந்திருக்காமல் நான் சொன்னதை எல்லாம் கேட்டது. "சூடாகும்னு உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?" என்று கேட்டது. "எம்பொண்ணு சொன்னா. நான் கேட்கல" என்றேன். மறுபடி குனிந்து ஒரு தையல் முழுசாக ஓட்டி முடித்து நூலைக் கத்தரித்துவிட்டு, "எனக்கு இப்ப பால் நின்னுருச்சு" என்றது. கோபமாகக்கூடச் சொல்லவில்லை. நான் கும்பிட்டுவிட்டு இறங்கிவந்து வண்டிப் படியில் உட்கார்ந்துவிட்டேன், சிஸ்டர் வண்டியை எடுக்காமல் காத்திருந்தது.

வீட்டுக்கு வரும் வழியில் உன் அத்தை வீட்டில் இறங்கி அவளிடமும் உண்மையைச் சொன்னேன். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அவள் ஒரு டம்ளர் மோர் கொண்டுவந்து வைத்துவிட்டு, "பாப்பாகிட்ட?" என்று மட்டும் கேட்டாள்.

வண்டியை உன் கணக்குக் காகிதத்தை வைத்துக்கொண்டு வரி வரியாகத் திருத்திவிட்டேன். பிளைவுட் பெட்டியை உடைத்தாயிற்று. அறுபது ஆம்பியர், நிமிர்த்தி, பின்னால் அலுமினியத் தகடு, மேலும் கீழும் ஒரு சாணுக்கு மேலேயே இடம். கீழே ஒரு ஓட்டை, மேலே அதைவிடப் பெரிய ஓட்டை, இரண்டுக்கும் பூச்சி வலை. சூடு நாற்பத்தைந்தைத் தாண்டினால் தானாக ஓடுகிற சின்ன ஃபேன் ஒன்று, அந்த ஃபேன் நின்றுபோனாலும் தாங்குமா என்று அதைக் கழற்றிவிட்டும் ஒரு பகல் பார்த்தேன். திரை இப்போது சிஸ்டர் கண்ணுக்கு நேரே இருக்கிறது, பேட்டரி இறங்கினால் கத்துகிற பஸ்ஸரும் வைத்திருக்கிறேன். நேற்று மத்தியானம் இரண்டு மணி வெயிலில் வண்டியைப் பூட்டி வைத்து அளந்தேன். கண்ட்ரோலர் சூடு நாற்பத்தெட்டு டிகிரி, பேட்டரிக்கு ஏறியது நாற்பத்து நான்கு ஆம்பியர், நான் மாட்டிய நாற்பதைவிட அதிகம். உன் கணக்குச் சரி. பார்க்க வண்டி முன்புபோல் அழகாக இல்லை, வயரெல்லாம் வெளியே தெரிகிறது, டாக்டரம்மா அதைத்தான் நல்லது என்கிறார்கள்.

இன்னும் ஒன்று இருக்கிறது. அடுத்த இரண்டு வண்டிக்கும் நீதான் கணக்குப் போட வேண்டும் என்று டாக்டரம்மா உனக்கு எழுதப்போகிறார்கள், நடந்ததையும் எழுதுவார்கள். அவர்கள் கடிதத்துக்கு முன்னால் என் கடிதம் வந்துவிட வேண்டும் என்றுதான் அவசரமாக எழுதுகிறேன். மாட்டுகிற வேலையை யாருக்குக் கொடுப்பது என்று அவர்களிடம் கேட்டேன், கேட்டிருக்கக்கூடாதுதான். "அதை உங்க பொண்ணு சொல்லட்டும்" என்றார்கள். அது உன் கையில் இருக்கிறது. அப்பா என்று பார்க்காதே, பாப்பா. அங்கே உன் வேலையில் ஒரு ஆள் நீ சொன்ன சைஸை மாற்றிப்போட்டு, மூடி மறைத்து, உன் பெயரையும் சொல்லியிருந்தால் என்ன எழுதுவாயோ அதையே எழுது. வேண்டாம் என்று எழுதினால் எனக்கு வருத்தம் இருக்கும், கோபம் இருக்காது. ஆனால் இனி யாரிடமும் எனக்காக ஒரு வரிகூடப் பரிந்து எழுதாதே. என்னால் அதை இன்னொரு தடவை உட்கார்ந்து கேட்க முடியாது.

நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் நோய்நொடி இல்லாமல் நீடூழி இருக்க வேண்டும், உன் கைவேலை எதுவும் என்னைப் போன்ற ஆள் கையில் சிக்காமல் இருக்க வேண்டும். கண் வலிக்கிறது என்றாயே, கண்ணாடியை மாற்றிக்கொள், தள்ளிப்போடாதே. குட்டிக்குப் பல் ஊறும் நேரம், கையில் கிடைக்கும் வயரைக் கடிக்க விடாதே. அம்மா தனியாகப் போன் செய்வாள். நீ என்னோடு பேசுவது உனக்கு மனசு வரும்போது போதும்.

உன்னைக் குற்றம் சொன்ன,
அப்பா